காலையில் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்த கார்

முதலில் கவனித்தது பெரியம்மாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தவர் காரைப் பார்த்துவிட்டு நின்றார். "ஏங்கண்ணு, வண்டி ஒரு பக்கம் சாஞ்சாப்பல இருக்குதே, டயர்ல காத்து இல்லையா?"

டயரில் காற்று சரியாகவே இருந்தது. காற்று போயிருந்தது டயருக்கு மேலே. இடது முன் மூலை அப்படியே இறங்கி, டயரின் மேல் விளிம்பு மட்கார்டுக்குள் மறைந்திருந்தது. சாவியைத் திருப்பி எஞ்சினை ஓடவிட்டதும், காற்றை அடைக்கும் கம்பிரசர் உறும ஆரம்பித்தது. நான்கு நிமிடம் கழித்து வண்டி நிமிர்ந்தது. இடுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெரியம்மா அதுவரை வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கே இதை முழுசாகச் சரிசெய்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். அதற்கு நான்கு மாதம் ஆகும் என்று அப்போது தெரியாது.

கார், பெரியப்பா 2004-ல் வாங்கிய மெர்சிடிஸ் எஸ் கிளாஸ். டபிள்யூ 220 என்ற வகை. 1998-ல் வெளிவந்து 2005 வரை வந்த மாடல். பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்து ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியப்பா போன பிறகு விற்றுவிடலாம் என்று பேச்சு வந்தபோது, "இதுல உக்காந்தா இடுப்பு வலி தெரியலீங்க" என்று பெரியம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்த சுகத்துக்குக் காரணமே காற்றுதான்.

இந்த வண்டியில் எஃகுச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. நான்கு சக்கரத்திலும் ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஒரு ரப்பர் உறை. அதற்குள் அழுத்திய காற்று. வண்டியின் எடையைத் தாங்குவது அந்தக் காற்று. முன் பம்பருக்குப் பின்னால் ஒரு மூலையில் சின்ன கம்பிரசர் இருக்கிறது. அது அடைக்கும் காற்றை எந்த மூலைக்கு அனுப்புவது என்று வால்வு பிளாக் பிரித்துவிடும். சக்கரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைச் சென்சார்கள் கண்ட்ரோல் யூனிட் என்ற சின்னக் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நாலு பேர் ஏறினால் அது காற்றைக் கூட்டும், இறங்கினால் வெளியே விடும்.

எஃகு ஸ்பிரிங்கின் விறைப்பு எப்போதும் ஒன்றுதான். ஆள் கூடினால் வண்டி தாழ்ந்து ஆடும். காற்று ஸ்பிரிங்கில் எடை கூடும்போது அழுத்தமும் கூடி விறைப்பும் கூடுகிறது. அதனால் ஒருவர் போனாலும் ஐந்து பேர் போனாலும் வண்டியின் ஆட்டம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அவிநாசி ரோட்டில் பின் சீட்டில் பெரியப்பா பேப்பர் படித்துக்கொண்டே வருவார், எழுத்து ஆடாது.

சரி, கசிவு எங்கே?

உடனே உதிரிப்பாகம் வாங்க ஓடவில்லை. முதலில் அளந்தேன். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு வளைவின் விளிம்பு வரை, தையல்காரர் டேப் வைத்து நான்கு மூலையும். சமதளமான போர்டிகோவில் ஒரே இடத்தில் நிறுத்தி, இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும். ஐந்து நாள் இப்படி எழுதினேன். இரவு இடது முன் 39.0, வலது முன் 39.2 செ.மீ. காலையில் இடது 33.4, வலது 38.8. பின் சக்கரம் இரண்டும் மூன்று நான்கு மி.மீ. இறங்கியிருந்தன.

அந்த மூன்று நான்கு மி.மீ. பற்றி முதலில் பயந்துவிட்டேன், நான்குமே கசிகிறதோ என்று. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. உறைக்குள் இரவில் 35 டிகிரி இருந்த காற்று விடிகாலையில் 24-க்கு வருகிறது. கெல்வின் கணக்கில் 308-லிருந்து 297. அடைபட்ட காற்று சுமார் மூன்றரை சதவீதம் சுருங்குகிறது, வண்டி அதற்கேற்ப கொஞ்சம் தாழ்கிறது. இது நோய் இல்லை. ஒரு மூலை மட்டும் தனியாக ஐந்து ஆறு செ.மீ. இறங்கினால்தான் நோய்.

சென்சார் கோளாறாக இருக்குமோ என்ற சந்தேகமும் இருந்தது. ஆனால் சென்சார் பொய் சொன்னால் எஞ்சின் ஓடும்போதே வண்டி தப்பான உயரத்தில் நிற்கும். இங்கே ஓடும்போது சரியாக நின்று, அணைத்த பிறகுதான் இறங்குகிறது. ஆகவே காற்று போகிறது, அதில் ஐயமில்லை.

ஷாம்பு கலந்த தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் எடுத்துக்கொண்டு வால்வு பிளாக், குழாய் இணைப்புகள், ஸ்டிரட்டின் (ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய உறையும் சேர்ந்த முழு பாகம்) தலைப்பகுதி எல்லாவற்றிலும் அடித்தேன். ஒரு குமிழி இல்லை. நன்றாகத் தெரியட்டும் என்று பொத்தானை அழுத்தி வண்டியை உயர்த்தி வைத்தும் அடித்தேன். அப்போதும் ஒன்றும் வரவில்லை. இரண்டு வார இறுதிகள் இதிலேயே போயின.

வழி சொன்னது கார் மெக்கானிக் இல்லை. நாமக்கல்லில் ஆம்னி பஸ்களுக்கு ஏர் சஸ்பென்ஷன் வேலை செய்யும் ஒரு அண்ணா. யோசித்தால் இது பொருத்தம்தான். காருக்குப் பரவலாக வருவதற்கு முன்பே பஸ்ஸுக்கு வந்த நுட்பம் இது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் பஸ்களில் 1953-லேயே காற்று ஸ்பிரிங் வந்துவிட்டது, அவர்களுடைய கெடிலாக் எல்டொராடோ புரோஹாம் காருக்கு அது 1957-ல்தான் வந்தது. மெர்சிடிஸ் 1961-ல் 300 எஸ்.இ. காரில் போட்டது. நம் ஊரில் இரவெல்லாம் பெங்களூருக்கும் சென்னைக்கும் ஓடும் சொகுசுப் பஸ்களின் அடியில் இருப்பதும் அதே தத்துவம்தான். பட்டறையில் அதற்குப் பெயர் பலூன்.

அண்ணா வண்டியின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "தம்பி, வண்டிய ஒசத்தி வெச்சுத்தான் சோப்புத் தண்ணி அடிச்சீங்களா?"

"ஆமாங்ணா."

"அப்படி அடிச்சா எப்படித் தெரியும்? நீட்டுன ரப்பர்ல போகாது. மடங்குற எடத்துலதான் போகும். அதும் எப்பவும் மடங்குற எடத்துல."

அந்த ரப்பர் உறை, கை நீளச் சட்டையின் முனையைப் பாதி உள்ளே மடித்தது போல, ஒரு உலோக உருளையின் மேல் மடிந்து உட்கார்ந்திருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த மடிப்பு உருளையின் மேல் உருண்டு இடம் மாறும். வண்டி பெரும்பாலான நேரம் சாதாரண உயரத்தில் நிற்கிறது அல்லவா, அப்போது மடிப்பு விழும் ஒரு வளையத்தில்தான் ரப்பர் அதிகம் களைத்துப்போகும். உயர்த்தி வைத்தால் மடிப்பு வேறு இடத்துக்குப் போய்விடும், வெடித்த இடம் நேராகி, பிளவு வாயை மூடிக்கொள்ளும். நான் இரண்டு வாரம் வாய் மூடிய பிளவைத் தேடியிருக்கிறேன்.

அதோடு, முன் ஸ்டிரட்டில் மடிப்பு வெளியே தெரியாது. தூசு போகாமலிருக்க ஒரு ரப்பர் பூட்ஸ் போட்டு மூடியிருக்கும். அண்ணா அதன் கிளிப்பைத் தளர்த்திக் கீழே இறக்கினார். வண்டி சாதாரண உயரத்தில் நிற்க, அதற்குள் ஸ்பிரே அடித்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்கச் சொன்னார்.

முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் மடிப்பின் அடிவளைவில் வெள்ளையாக ஏதோ பூத்தது. கடுகு அளவுக் குமிழிகள், ஒன்றின் மேல் ஒன்று, சத்தமே இல்லாமல். துடைத்தால் மறைந்து, திரும்ப அதே இடத்தில் பூக்கும். விரலால் தடவிப் பார்த்தேன். ரப்பரின் மேல் மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக, வெயிலில் காய்ந்த குளத்துச் சேறு மாதிரி. மடிப்புக்குள் சிக்கியிருந்த மணல் அரம் போல உராய்ந்த தடமும் இருந்தது. இருபது வருட ரப்பர். அதன் ஆயுள் அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். முழு ஸ்டிரட்டையும் மாற்றுவதற்குப் பதில் ரப்பர் உறையை மட்டும் மாற்றித் தருகிறோம் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். செலவு கால்வாசிதான். சரி என்றேன். புது உறை போட்டு, இரண்டு முனையிலும் வளையம் வைத்து இறுக்கிக் கொடுத்தார்கள். சோப்புத் தண்ணீரில் குமிழி இல்லை. இரவு அளவும் காலை அளவும் ஒன்று. பத்தொன்பதாவது நாள், பெருந்துறை அருகே ஒரு வேகத்தடையில் இறங்கியபோது "புஸ்" என்று ஒரு நீண்ட சத்தம். இடது மூலை தரையை நோக்கிப் போனது. டேஷ்போர்டில் சிவப்பு எழுத்து: "ஸ்டாப், கார் டூ லோ". நல்லவேளை, பெரியம்மா வண்டியில் இல்லை.

கழற்றிப் பார்த்தால் உறை கிழியவில்லை, வளையத்திலிருந்து நழுவியிருந்தது. டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இந்த உறைக்குள் இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் வளையத்தை, அதற்கென்றே உள்ள அச்சில் வைத்துச் சுற்றிலும் ஒரே சீராக அமுக்கி இறுக்க வேண்டும். இங்கே ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் லேசாகவும் பிடித்திருந்தது. அந்த இயந்திரமும் அச்சும் இருக்கிற இடத்தில் உறை மட்டும் மாற்றுவது நல்ல வேலைதான். இல்லாத இடத்தில் செய்யவே கூடாது. ஆள் போகிற வண்டி இது.

இந்த இடைவெளியில் பலர் சொன்ன யோசனை, காற்றையே விட்டுவிட்டு நான்கு மூலைக்கும் சுருள் ஸ்பிரிங் போட்டுவிடுவது. அதற்கென்றே செட்டாக விற்கிறார்கள். தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டி, வழியில் நிற்கவே முடியாது என்கிறவருக்கு அது நியாயமான முடிவு. எனக்கு மனம் ஒப்பவில்லை. பெரியம்மாவின் இடுப்புக்காகத்தான் இந்த வண்டியே வீட்டில் இருக்கிறது. அந்தக் காற்றை எடுத்துவிட்டு எதை வைத்துக்கொள்வது?

எனவே, புது உறையும் தொழிற்சாலையில் அமுக்கிய வளையமும் கொண்ட முழு ஸ்டிரட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். அது வர ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் கம்பிரசரைக் கவனித்தேன். இந்தப் பதிவில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான்.

உறையில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் பலரும், "காலையில் ஸ்டார்ட் செய்தால் ஏறிவிடுகிறதே, போகட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். நானும் ஒரு மாதம் அப்படித்தான் ஓட்டினேன். அந்த ஒரு மாதமும் கம்பிரசர் செத்துக்கொண்டிருக்கிறது. எப்போதாவது சில விநாடி ஓடி நிற்பதற்காகச் செய்த பொருள் அது. தினமும் நிமிடக்கணக்கில் ஓடினால் சூடேறி, பிஸ்டனைச் சுற்றியுள்ள டெஃப்லான் வளையம் தேய்ந்துவிடும். தேய்ந்த வளையம் காற்றை அமுக்காது, அதனால் இன்னும் அதிக நேரம் ஓடும், இன்னும் தேயும்.

இதைவிட நுணுக்கமான சேதம் ஒன்று உண்டு. கம்பிரசரோடு ஒரு டிரையர் இருக்கிறது. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் மணிகள். வெளிக்காற்று இதன் வழியாக உள்ளே போகும்போது ஈரத்தை மணிகளிடம் விட்டுவிட்டுப் போகும். வண்டி தாழும்போது அதே உலர்ந்த காற்று அதே டிரையர் வழியாக வெளியேறி, மணிகளின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு போகும். இப்படித்தான் மணிகள் வருடக்கணக்கில் உலர்ந்தே இருக்கின்றன. உறையில் ஓட்டை இருந்தால் காற்று உள்ளே மட்டும் வருகிறது. டிரையர் வழியாகத் திரும்புவதில்லை, ஓட்டை வழியாகவே போய்விடுகிறது. மணிகளுக்கு ஈரம் சேர்ந்துகொண்டே இருக்கும், காய வழியில்லை. ஊறிப்போன மணிகள் உடைந்து மாவாகி வால்வு பிளாக்குக்குள் போகும். அப்புறம் வால்வு சரியாக மூடாது. ஒரு ரப்பர் ஓட்டை மூன்று பாகத்தைத் தின்பது இப்படித்தான்.

என் கம்பிரசரைப் பிரித்தபோது இது கண்ணெதிரே தெரிந்தது. டிரையரைக் கவிழ்த்ததும் ஜவ்வரிசி போல உருண்டையாக விழ வேண்டிய மணிகளோடு, ஈரமான பழுப்பு மாவும் கட்டி கட்டியாக விழுந்தது. நான் அளவெடுத்த மாதம் ஐப்பசி. நல்ல அடைமழை நேரம். காற்றே தண்ணீராக இருந்த நாட்களில்தான் அது இரவு பகலாக ஓடியிருக்கிறது. சிலிண்டர் சுவரில் கீறல் இல்லாதது அதிர்ஷ்டம். பிஸ்டன் வளையம், மணிகள், கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங் மூன்றும் புதிது. கம்பிரசருக்கு மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்தும் சுவிட்சான ரிலேயையும் மாற்றினேன். பல காலம் அதிகம் ஓடிய கம்பிரசரின் ரிலேயில் உள்ளே இருக்கும் தொடுமுனைகள் கருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் கம்பிரசர் நிற்காமல் ஓடி எரியும். விலை குறைந்த பொருள், யோசிக்காமல் மாற்ற வேண்டியது.

ஸ்டிரட் வந்தது. நாமக்கல் அண்ணாவும் ஒரு ஞாயிறு வந்தார்.

செய்த வேலையைச் செய்த வரிசையிலேயே சொல்கிறேன். முதலில் சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு பேட்டரி இணைப்பைக் கழற்றினோம். கதவைத் திறந்தாலே இந்த வண்டி விழித்துக்கொண்டு உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும். அடியில் ஆள் இருக்கும்போது அது நடந்தால் நினைக்கவே வேண்டாம். ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, வண்டியை உலுக்கிப் பார்த்த பிறகுதான் கை உள்ளே போனது. காற்று சஸ்பென்ஷன் வண்டியில் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது.

எஞ்சின் பக்கம் ஸ்டிரட்டின் தலையில் காற்றுக் குழாய் இணைப்பு. அதை ஒரேயடியாகத் திருப்பவில்லை. கால் திருப்பு, காத்திருப்பு. சீறல் அடங்கும் வரை காத்திருந்து அடுத்த கால் திருப்பு. வெளியே வந்த குழாய் முனையில் உடனே டேப் சுற்றினோம். ஒரு மணல் துகள் உள்ளே போனால் அது நேரே வால்வு பிளாக்கில் போய் உட்காரும். ஷாக் அப்சார்பருக்கான மின் இணைப்பைப் பிடுங்கி, சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் ஆர்மின் பால் ஜாயிண்ட்டைப் பிரித்து, சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிளை வெளியே சாய்த்து, ஸ்டிரட்டின் அடி போல்ட்டை எடுத்தோம். தலையில் உள்ள மூன்று நட்டை கடைசியாகக் கழற்றும்போது ஒருவர் கீழே ஏந்திக்கொள்ள வேண்டும். நல்ல கனம்.

புதியதைப் பொருத்துவது இதன் தலைகீழ்தான், இரண்டு இடம் தவிர. ஒன்று, அடி போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது முழுசாக இறுக்கவில்லை. அங்கே அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ் இருக்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி கீழே வந்ததும் அது முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். எடை இறங்கி, வண்டி தன் உயரத்துக்கு வந்த பிறகே கடைசி இறுக்கு.

இரண்டாவது இன்னும் முக்கியம். காற்றில்லாத புது உறையின் மேல் வண்டியின் எடையை இறக்கினால் மடிப்பு கோணலாக விழுந்து, உலோகத்துக்கு நடுவில் நசுங்கி, புது ரப்பர் முதல் நாளே கிழியும். எனவே தொங்கும்போதே காற்று நிரப்ப வேண்டும். ஆனால் சக்கரம் தொங்கினால் சென்சார், "இந்த மூலை ரொம்ப உயரம்" என்றுதான் சொல்லும். கண்ட்ரோல் யூனிட் காற்றே தராது. பேட்டரியை மாட்டி, வண்டியின் கணினியோடு பேசும் ஸ்கேனர் கருவியை இணைத்து, இடது முன் வால்வுக்கு மட்டும் நேரடிக் கட்டளை கொடுத்தோம். அண்ணா பூட்ஸை இறக்கி, மடிப்பு சுற்றிலும் வட்டமாகப் பிதுங்கி உட்காருகிறதா என்று விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "ம், போதுங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் ஜாக்கியை அங்குலம் அங்குலமாக இறக்கினேன்.

அப்புறம் அதே ஸ்பிரே பாட்டில். சாதாரண உயரத்தில், பூட்ஸ் இறக்கி, மடிப்பில், தலை இணைப்பில். பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஷாம்புத் தண்ணீர் வழிந்து காய்ந்தது, அவ்வளவுதான். ஸ்கேனரில் உயர அளவையும் சரிபார்த்தோம். இடது முன் 8 மி.மீ. தப்பாகக் காட்டிக்கொண்டிருந்தது, திருத்தினோம். தாழ்ந்த நிலையிலிருந்து எழ முன்பு நான்கு நிமிடம் எடுத்த வண்டி, இப்போது 50 விநாடியில் எழுகிறது.

அண்ணா கூலி வாங்கிக்கொண்டார், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று பெரியம்மா சொன்னதற்கு மறுக்கவில்லை. பழைய ஸ்டிரட்டை நான் குப்பையில் போடவில்லை. அதை அறுத்து வைத்திருக்கிறேன். மடிப்பு வளையத்தில் உள்ளே பின்னியிருக்கும் நூல் இழைகள் வெளியே தெரிகின்றன. யாராவது, "காலையில் கொஞ்சம் இறங்குகிறது, ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது" என்று சொன்னால், முதலில் அதைக் காட்டுகிறேன், பக்கத்திலேயே ஒரு பாட்டிலில் போட்டு வைத்திருக்கும் அந்தப் பழுப்பு மாவையும்.

மூன்று வாரம் ஆகிறது. தினமும் அளக்கிறேன். இன்று காலை 6 மணி: இடது முன் 38.7, பின் இரண்டும் 38.5. வலது முன் 38.1. ஐப்பசியில் அது 38.8 இருந்தது. அதே வயது ரப்பர்தானே. வலதுக்கும் ஆர்டர் போட்டுவிட்டேன், அது வரும்வரை வண்டி கோயிலுக்கு மட்டும் போகும்.